ஜெப ஆலயத்துக்குள் ஒரு ப்ரீ ஸ்கூல்: தருமபுரி பாட்டியின் ரிவ்யூ, ஐந்துக்கு நாலு

பென்னாகரம் ரோட்டில் எங்கள் தெருவில் மட்டும் நாலு வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள், அதில் ரெண்டு பேர் நியூ ஜெர்சி. 2025 ஜூலையில் நியூ ஜெர்சி மகள் வீட்டிலிருந்து நான் ஊர் திரும்பியது முதல் உழவர் சந்தையில் கீரை வாங்கும்போதுகூட யாராவது பிடித்துக்கொள்கிறார்கள். "டீச்சர், உங்க பேத்தியை யூதங்க ஸ்கூல்ல போட்டிருக்காங்களாமே, நெசமா?" அடுத்த கேள்வி எல்லாருக்கும் ஒன்றுதான்: "மதம் மாத்திட மாட்டாங்களா?" ஒவ்வொருத்தருக்கும் நின்று பதில் சொல்லிக் கால் வலிக்கிறது, அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். பள்ளியின் பெயர் போடவில்லை. "அம்மா, குறையும் எழுதப்போறீங்கன்னா பேரைப் போடாதீங்க, நாளைக்கு நான்தான் அவங்க முகத்துல முழிக்கணும்" என்று மகள் சொல்லிவிட்டாள்.

நான் பாலக்கோடு பக்கம் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் 31 வருடம் ஒன்றாம் வகுப்பும் ரெண்டாம் வகுப்பும் எடுத்தவள். சின்னப் பிள்ளைகளை வைத்து நடத்தும் இடம் எதுவானாலும் வாசல் அலங்காரத்தைப் பார்க்க மாட்டேன். பிள்ளை அழும்போது யார் தூக்குகிறார்கள், பாத்ரூம் எப்படி இருக்கிறது, டீச்சர் குனிந்து பேசுகிறாரா நின்றுகொண்டே பேசுகிறாரா, இந்த மூன்றும் போதும். ஜனவரி கடைசியில் போய் ஜூலை வரை ஆறு மாதம், காலையில் விடுவதும் சாயந்திரம் கூட்டி வருவதும் என் வேலை. அதனால் கேட்டதை எழுதவில்லை, பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

மகள் அங்கே சேர்த்ததற்குப் பக்தியும் இல்லை, ஆராய்ச்சியும் இல்லை. வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம், காலை ஏழரைக்குத் திறந்துவிடுகிறார்கள், இடம் காலியாக இருந்தது, அவ்வளவுதான். மற்ற இடங்களில் பிள்ளை பிறக்கும் முன்பே பெயர் கொடுத்து வைக்கவேண்டுமாம். பேத்திக்கு அப்போது மூன்றரை வயசு, வகுப்பில் 14 பிள்ளைகள். அதில் பாதிக்குப் பாதி யூதப் பிள்ளைகள் இல்லை. ஒரு தெலுங்குப் பையன், ஒரு சீனப் பெண், ரெண்டு கொரியன் பிள்ளைகள். இந்தக் கதை அந்தப் பக்கம் சாதாரணம், நம்ம ஊரில் கான்வென்ட்டில் யார் யாரோ படிப்பது மாதிரி.

நம்ம ஊரில் சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கு ஜெப ஆலயம் என்ற வார்த்தை தெரியும், தமிழ் பைபிளில் யூதர்கள் கூடும் இடத்துக்கு அப்படித்தான் பெயர். அங்கே சினகாக் என்கிறார்கள், வயசானவர்கள் ஷூல் என்கிறார்கள். அது ஐரோப்பிய யூதர்கள் பேசிய யித்திஷ் மொழிச் சொல், பள்ளிக்கூடம் என்ற அர்த்தத்திலிருந்து வந்தது. நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, 'பள்ளி' என்ற ஒரே சொல்லில் சமண முனிவர் தங்கிய இடத்தையும் பள்ளிவாசலையும் பள்ளிக்கூடத்தையும் சேர்த்து வைத்திருப்பவர்கள் நாம்.

கட்டடத்தைப் பார்த்தால் கோயில் மாதிரியும் இல்லை, சர்ச் மாதிரியும் இல்லை, நம்ம பக்கத்துப் புது கலெக்டர் ஆபீஸ் மாதிரி செங்கல்லும் கண்ணாடியுமாக இருக்கிறது. ஒரு பக்கம் ஜெபக்கூடம், ஒரு பக்கம் பிள்ளைகள் வகுப்பு, நடுவில் பெரிய சாப்பாட்டுக் கூடம், பின்னால் லைப்ரரி. வாசலில் மணி அடித்தால் கேமராவில் முகம் பார்த்துத்தான் திறப்பார்கள், வெளியே ஒரு போலீஸ்காரர் வேறு. முதல் நாள் ஐடி கார்டை மறந்துவிட்டுப் போய், பிப்ரவரிக் குளிரில் சேலைக்கு மேல் மாப்பிள்ளையின் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன். அன்றைக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. 2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க் நகரில் சனிக்கிழமை காலை ஜெப நேரத்தில் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்து 11 பேரைக் கொன்றான் என்று மகள் சொன்ன பிறகு அந்தக் கதவைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

சரி, பள்ளிக்கு வருவோம். மூன்றரை வயசுப் பிள்ளை கையில் பென்சிலைத் திணிக்கவில்லை, இதற்கே ஒரு நட்சத்திரம். மண், தண்ணீர், பெயின்ட், மரக்கட்டை, கதை, தூக்கம். மழை தூறினாலும் ரப்பர் பூட்ஸ் போட்டு வெளியே விடுகிறார்கள். டீச்சர்கள் ரெண்டு பேர், ஓர் ஆயாம்மா மாதிரி உதவிக்கு ஒருவர், மூவரும் தரையில் உட்கார்ந்துதான் பேசுகிறார்கள். பிள்ளையின் பெயரைச் சரியாக உச்சரிக்க என்னிடம் நாலு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதிக்கொண்டார் பெரிய டீச்சர். அவருக்கு 'ழ' வரவில்லை, ஆனால் விடவில்லை.

வெள்ளிக்கிழமைதான் அங்கே விசேஷம். அவர்களுக்கு ஓய்வு நாள் வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி இரவு வரை, அதைச் சபாத் என்கிறார்கள். பிள்ளைகளுக்கு அதையே வெள்ளி காலையில் ஒரு சின்னப் பதிப்பாக நடத்துகிறார்கள், பாட்டி தாத்தா யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். முதல் நாளே பிள்ளைகள் மாவு பிசைந்து, சடை பின்னுவது போல மூன்று புரியாகப் பின்னி, ஹல்லா என்ற ரொட்டி சுட்டு வைத்திருப்பார்கள், தின்றால் நம்ம பேக்கரி இனிப்பு பன் மாதிரி இருக்கும். அதைத் துணி போட்டு மூடி வைப்பார்கள். எதற்கு என்று கேட்டேன். முதலில் திராட்சை ரசத்துக்குத்தான் ஆசி சொல்வார்களாம், முதல் மரியாதை அதற்குப் போவதால் ரொட்டி மனசு கோணிவிடுமாம், அதனால் அது பார்க்காதபடி மூடி வைக்கிறார்களாம். பிள்ளைகளுக்குச் சொல்லும் விளக்கம்தான், ஆனால் திருவிழாவில் பரிவட்டம் முதலில் யாருக்கு என்று அடித்துக்கொள்ளும் ஊரிலிருந்து போன எனக்கு அந்த ரொட்டியின் வருத்தம் நன்றாகவே புரிந்தது.

ஒவ்வொரு வாரமும் ஒரு பெண் பிள்ளை 'இமா', ஒரு பையன் 'அபா'. எபிரேய மொழியில் இமா என்றால் அம்மா, அபா என்றால் அப்பா. பேத்தி இமாவாக இருந்த வாரம், பேட்டரியில் எரியும் மெழுகுவத்தி ரெண்டின் முன்னால் கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள், எனக்குப் படம் எடுக்கக்கூட மறந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள்: "பாட்டி, அவங்களும் அப்பாவை அப்பான்னுதான் சொல்றாங்க, அப்புறம் ஏன் தமிழ் பேச மாட்டேங்கிறாங்க?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. மெழுகுவத்திக்கு முன்னால் ஒரு தகர உண்டியலைச் சுற்றி விடுவார்கள், ஒவ்வொரு பிள்ளையும் ஒரு காசு போடவேண்டும். அதற்கு ட்ஸெடாக்கா என்று பெயர். தர்மம் என்று நாம் சொல்வதற்கும் நியாயம் என்பதற்கும் அவர்களிடம் ஒரே வேர்ச்சொல், கொடுப்பது கருணையால் செய்வதல்ல, கொடுக்கவேண்டிய கடன் என்று பெரிய டீச்சர் விளக்கினார்.

சாப்பாட்டு டப்பா விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், போகிற பாட்டிகளுக்கு அதுதான் முதல் தலைவலி. உள்ளே இறைச்சி எதுவும் அனுமதி இல்லை, ஏனென்றால் அவர்கள் இறைச்சியையும் பாலையும் கலக்க மாட்டார்கள், பிள்ளைகள் இடத்தில் பால் வகை மட்டும் என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை. நமக்கு வசதி, தயிர்சாதம் தாராளமாகப் போகும். நிலக்கடலை, முந்திரி கூடாது, அது மதத்துக்காக இல்லை, அலர்ஜிக்காக. கடலைச் சட்னி இல்லாமல் ஆறு மாதம் இட்லி கட்டினேன். ஒரு பெரிய குறை, டப்பாவைச் சூடு பண்ணித் தர மாட்டார்கள். ஃப்ளாஸ்க்கில் வைத்தால் பிள்ளைக்குத் திறக்க வரவில்லை. இதை ரெண்டு தடவை சொல்லியும் அவர்கள் சிரித்துக்கொண்டே கடந்துவிட்டார்கள்.

உண்மையான சோதனை ஏப்ரலில் பஸ்கா பண்டிகை வந்தபோதுதான். எகிப்தில் செங்கல் வேலை செய்யும் அடிமைகளாக இருந்த அவர்கள் முன்னோர் அங்கிருந்து அவசரமாக வெளியேறியபோது மாவு புளிக்க நேரமில்லை, அதன் நினைவாக அந்த எட்டு நாளும் புளித்த தானியம் கூடாது. பள்ளியிலிருந்து ஒரு பக்கத்துக்கு மெயில் வந்தது. கோதுமை, பார்லி, ஓட்ஸ், கம்பு மாதிரி ஆங்கிலத்தில் ரை என்கிறார்களே அது, அப்புறம் ஸ்பெல்ட் என்று ஒன்று, இந்த ஐந்தும் தண்ணீர் பட்டு 18 நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டால் புளித்ததாகக் கணக்காம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ராத்திரி முழுக்கப் பொங்கிப் பொங்கிப் புளிக்கும் இட்லி மாவை என்ன செய்வது? மறுநாள் காலையில் பெரிய டீச்சரை நிறுத்திக் கேட்டேன், என் இங்கிலீஷில் பாதி, கையால் பாதி. அவர் பொறுமையாகச் சொன்னார். அரிசியும் உளுந்தும் அந்த ஐந்தில் சேராது, அதனால் அது எவ்வளவு புளித்தாலும் அந்தப் புளிப்பு இல்லை. ஆனால் ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள் பல நூறு வருடமாக அரிசி, பருப்பு வகைகளையும் அந்த வாரம் தள்ளியே வைத்திருந்தார்கள், ஸ்பெயின், அரபு நாட்டுப் பக்கம் இருந்து வந்தவர்களில் பல பேர் சாப்பிட்டார்கள். இந்தச் சபை பழமைக்கும் புதுமைக்கும் நடுவில் நிற்கும் கன்சர்வேடிவ் என்ற பிரிவு, அவர்களுடைய சட்டக் கமிட்டி 2015 டிசம்பரில் அரிசி பருப்பைச் சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டது. ஆக இட்லி பாஸ், ரவா உப்புமா, சேமியா, சப்பாத்தி ஃபெயில்.

அத்தோடு விடாமல் நான் ராகியைப் பற்றிக் கேட்டேன். தருமபுரிக்காரி கேட்காமல் வேறு யார் கேட்பது? டீச்சருக்குத் தெரியவில்லை, ரபியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். ரபி என்றால் அவர்கள் குரு. இரண்டு நாள் கழித்து ரபியே மெயில் போட்டார், கேழ்வரகு சிறுதானியம், ஐந்தில் இல்லை, அரிசி மாதிரியே அதுவும் சரி என்று. ஒரு பாட்டியின் ராகி அடைக்காகப் புத்தகம் புரட்டிப் பார்த்து மெயில் எழுதிய அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன். அப்புறம் இன்னொன்று, இதை அங்கே யாரும் சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தேன்: பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். சாம்பார் சாதம் கட்டப்போனவள் அதைப் பார்த்துவிட்டு நிறுத்தினேன். பெரிய டீச்சரிடம் காட்டியபோது அவர் டப்பாவை முகர்ந்து பார்த்த முகம் இருக்கிறதே, அதற்குப் பண்டிகையோடு சம்பந்தமில்லை.

பண்டிகைக்கு முந்தின வியாழன், பிள்ளைகளை வைத்து அந்த இரவு விருந்தை ஒத்திகை மாதிரி நடத்தினார்கள், எங்களையும் கூப்பிட்டார்கள். உப்புத் தண்ணீரில் தோய்த்த கீரை கண்ணீருக்கு, காரமாக மூக்கில் ஏறும் ஒரு கிழங்கு அடிமைக் கசப்புக்கு, ஆப்பிளை நறுக்கி இனிப்புச் சேர்த்த ஒரு பச்சடி செங்கல் சாந்துக்கு. அந்த வருடம் பண்டிகையின் ரெண்டாம் நாள் ஏப்ரல் 14, நமக்குச் சித்திரை ஒன்று, பள்ளி லீவு. வீட்டில் நான் வேப்பம்பூப் பச்சடி வைத்தேன், பூ ஊரிலிருந்தே காயவைத்துக் கொண்டுபோனது. பேத்தி ஒரு வாய் வைத்துவிட்டு "இது கசப்புக்கா, சாந்துக்கா?" என்றாள். எனக்கு அந்த விருந்தில் ரொம்பப் பிடித்தது வேறு. அங்கே இருப்பதிலேயே சின்னப் பிள்ளைதான் முதலில் எழுந்து "இந்த ராத்திரி மட்டும் ஏன் வேற மாதிரி?" என்று கேள்வி கேட்கவேண்டும், கேட்டால்தான் பெரியவர்கள் கதையை ஆரம்பிப்பார்கள். வகுப்பில் கேள்வி கேட்ட பிள்ளையை உட்காரச் சொன்ன நாட்கள் எனக்கும் உண்டு, அதனால் கொஞ்ச நேரம் தலையைக் குனிந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

பூரிம் என்று மார்ச்சில் ஒரு பண்டிகை, அதற்கு மாறுவேடம். பிள்ளைகள் மட்டும் போடுவார்கள் என்று பார்த்தால் எண்பது வயசுத் தாத்தா கடற்கொள்ளைக்காரன் வேஷத்தில் வந்தார். அன்றைக்கு வாசிக்கும் எஸ்தர் ராணி கதையில் வில்லன் பெயர் வரும்போதெல்லாம் கிலுகிலுப்பையை ஆட்டி அந்தப் பெயரே காதில் விழாதபடி கத்தவேண்டும். காது அடைத்தது, ஆனால் சந்தோஷம்.

இப்படி வாரம் நாலு தடவை உள்ளே போய்வந்ததில், ப்ரீ ஸ்கூல் என்பது அந்த இடத்தின் ஒரு மூலைதான் என்று தெரிந்தது. ஞாயிறு காலையில் பெரிய பிள்ளைகளுக்கு எபிரேய எழுத்து வகுப்பு. முதல் முதலாக எழுத்துப் படிக்கிற பிள்ளைக்கு எழுத்தின் மேல் தேன் தடவி நக்கக் கொடுக்கும் பழைய வழக்கம் அவர்களுக்கு உண்டு, நாம் விஜயதசமியில் அரிசியில் விரல் பிடித்து எழுதவைப்பதை நான் சொன்னபோது அந்த வகுப்பு டீச்சர் என்னை விடவே இல்லை. 13 வயசானால் பிள்ளை சபை முன்னால் ஏறித் தோரா என்ற அவர்கள் வேதத்தை வாசிக்கவேண்டும், ஆணுக்கு பார் மிட்ஸ்வா, பெண்ணுக்கு பாட் மிட்ஸ்வா.

மே மாதம் ஒரு சனிக்கிழமை, பெரிய டீச்சரின் மகளுக்கு அது நடந்தது, என்னையும் மகளையும் அழைத்தார். அந்தக் காட்சியைச் சொல்லத்தான் இந்த ரிவ்யூவையே எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம். தோரா ஒரு தோல் சுருள், கையால் எழுதியது, மொத்தம் 3,04,805 எழுத்து, ஒன்று பிசகினாலும் திருத்தும் வரை அதை எடுத்து வாசிக்கக் கூடாது. உயிர்க்குறி எதுவும் இருக்காது, வெறும் மெய்யெழுத்து மாதிரி. நம்ம ஓலைச்சுவடியில் புள்ளி இல்லாமல் படிப்பார்களே, அதைவிடக் கஷ்டம், ராகத்தோடு வேறு பாடவேண்டும். விரல் படக்கூடாது என்பதால் வெள்ளியில் ஒரு குச்சி, அதன் நுனியில் குட்டியாக ஒரு கை, ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டு. அந்தப் பெண் அதைப் பிடித்துக்கொண்டு எழுத்து எழுத்தாக நகர்த்தியபோது கை நடுங்கியது, அந்த வெள்ளி விரலும் சேர்ந்து நடுங்கியது. ஓர் இடத்தில் தப்பாகப் படித்தாள். பக்கத்தில் நின்றவர் மெதுவாகத் திருத்தினார், அவள் திரும்பப் படித்தாள், யாரும் உச்சுக்கொட்டவில்லை. தோரா வைத்திருக்கும் பெட்டகத்தின் கதவைத் திறந்தது வீல்சேரில் வந்த அவள் கொள்ளுத்தாத்தா. முடிந்ததும் எல்லாரும் அவள் மேல் மிட்டாயை வீசினார்கள், ரெண்டு வயசு மூன்று வயசுகள் எல்லாம் மேடைக்கு ஓடிப் பொறுக்கின, என் பேத்தி பாவாடையில் அள்ளிக்கொண்டு வந்தாள். கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு வேலை, 13 வயசுக்கு ஒரு வேலை, மூன்று வயசுக்கும் ஒரு வேலை. நம்ம கோயில் விழாவில் பிள்ளைகளுக்கு வேலை, ஓரமாக ஓடாமல் இருப்பது.

அன்றைக்கு நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். போனை எடுத்துப் படம் பிடிக்கப்போனேன், ஓர் அம்மா வந்து காதோடு காதாக, இன்று ஓய்வு நாள், போன் வேண்டாம் என்றார். மகள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. போகிறவர்கள் போனைக் காரிலேயே வைத்துவிடுங்கள்.

அங்கே ரபி ஒரு பெண். எங்கள் தெருவில் இதைச் சொன்னால் நம்பவில்லை. எல்லாச் சபையிலும் அப்படி இல்லை. பழமை மாறாத ஆர்த்தடாக்ஸ் பிரிவில் ஆண் ஒரு பக்கம், பெண் ஒரு பக்கம் தடுப்புக் கட்டி உட்காருவார்கள். புதுமைப் போக்குள்ள ரிஃபார்ம் பிரிவில் சாலி பிரிசாண்ட் என்பவர் 1972-இல் அமெரிக்காவின் முதல் பெண் ரபியானார், அவரும் பிற்பாடு நியூ ஜெர்சியில்தான் 25 வருடம் ஒரு சபையை நடத்தினார். கன்சர்வேடிவ் பிரிவு 1985-இல்தான் பெண்ணுக்கு அந்தப் பட்டம் கொடுத்தது. பெண் பிள்ளைக்கு பாட் மிட்ஸ்வா என்பதே அமெரிக்காவில் 1922 மார்ச்சில் நியூ யார்க்கில் ஜூடித் கப்லான் என்ற 12 வயசுப் பெண்ணோடுதான் ஆரம்பமாம். நான் கேட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டவை இவை.

வயசானவர்களுக்குப் புதன்கிழமை மதியச் சாப்பாடு, சீட்டாட்டம் மாதிரி ஓடு வைத்து ஆடும் மா ஜாங், கேட்கும் கருவிக்குச் சேரும்படி மைக். ஒரு நாள் சாயந்திரம் பிள்ளையைக் கூட்டிவரப் போனபோது ஒரு தாத்தா கூடத்திலிருந்து வெளியே வந்து "நீங்க யூதரா? ஒன்பது பேர்தான் இருக்கிறோம்" என்றார், பட்டுச் சேலையும் குங்குமமுமாக நின்ற என்னிடம்! பத்துப் பேர் சேர்ந்தால்தான் சில ஜெபங்களைச் சொல்ல முடியும், முக்கியமாக அப்பா அம்மாவை இழந்தவர் 11 மாதம் சொல்லும் கதிஷ். இந்தச் சபையில் பெண்களையும் எண்ணுவார்கள். அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லையோ, இல்லை அவ்வளவு அவசரமோ. ஐந்து நிமிடத்தில் பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் செருப்போடு ஓடிவந்தார், பத்தாவது ஆள்.

ஜெபக்கூடத்தின் பக்கச் சுவரில் வெண்கலத் தகடுகள், ஒவ்வொன்றிலும் இறந்தவர் பெயரும் தேதியும், பக்கத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு பல்பு. திதி வருகிற வாரம் அந்தப் பல்பு எரியும். அவர்களும் சந்திரனை வைத்துத்தான் நாள் பார்க்கிறார்கள், அதனால் வருடாவருடம் இங்கிலீஷ் தேதி மாறும், நம்ம திதி மாதிரியே. நம்ம ஊரில் ட்யூப்லைட் கண்ணாடி முழுக்க உபயம் இன்னார் என்று எழுதி வெளிச்சத்தையே மறைப்பதைப் பார்த்துப் பழகிய எனக்கு அந்தச் சின்ன பல்பே போதும் என்று தோன்றியது. எங்கள் வீட்டுக்காரரின் அம்மாவுக்கு அந்த வாரம்தான் திதி. யாரிடமும் சொல்லவில்லை, எரிகிற பல்பு ஒன்றின் முன்னால் கொஞ்சம் நின்றுவிட்டு வந்தேன்.

இப்போது காசு. ப்ரீ ஸ்கூல் முழு நாளுக்கு மாதம் ஆயிரத்து ஐந்நூறு டாலருக்கு மேல் ஆகிறது, அந்த ஊர் நிலவரத்துக்கு நடுத்தரம் என்கிறாள் மகள், எனக்குக் கேட்டதும் தலை சுற்றியது. சபையில் உறுப்பினராகச் சேர்ந்தால் வருடச் சந்தா தனி, அதுவும் ஆயிரக்கணக்கில். ஓய்வு நாளில் பணத்தைத் தொட மாட்டார்கள், அதனால் தட்டும் உண்டியலும் சுற்றி வராது, சந்தாவை வைத்துத்தான் கரென்ட் பில்லிலிருந்து சம்பளம் வரை. முடியாதவர்கள் ஆபீஸில் சொன்னால் குறைத்துக்கொள்கிறார்கள். நாம் உறுப்பினர் ஆகவேண்டிய அவசியம் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை.

ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தது எதற்கு என்றால், லீவு. நான் வந்த பிறகு, 2025 செப்டம்பர் அக்டோபரில் மட்டும் அவர்களுடைய வருடப்பிறப்புக்கு ரெண்டு நாள், உபவாச நாளான யோம் கிப்பூருக்கு ஒன்று, கூடாரப் பண்டிகைக்கு ரெண்டு, அதன் முடிவுக்கு ரெண்டு, எல்லாமே வேலை நாளில் விழுந்து மொத்தம் ஏழு நாள் பள்ளி மூடல். பணம் மட்டும் முழு மாதத்துக்கு. மகளும் மாப்பிள்ளையும் மாற்றி மாற்றி லீவு போட்டுச் சண்டையும் போட்டுக்கொண்டார்கள். யோம் கிப்பூர் அக்டோபர் 2, நமக்கு விஜயதசமி, சரி அன்றைக்காவது அரிசியில் எழுத வைத்தோம் என்று மகள் மனசைத் தேற்றிக்கொண்டாள். அக்டோபர் 20 தீபாவளி, அன்றைக்குப் பள்ளி உண்டு! ஒரு நாளைக்கு முன்னால் ஆபீஸில் சொன்னால் பிள்ளைக்கு லீவு தருவார்கள்தான், இருந்தாலும். சேர்க்கிறவர்கள் ஆகஸ்டிலேயே அவர்கள் காலண்டரை வாங்கி, நம்ம தினசரிக் காலண்டரை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பஸ்காவும் கூடாரப் பண்டிகையும் பௌர்ணமியை ஒட்டியே வரும், வருடப்பிறப்பு அமாவாசையை ஒட்டி வரும், கண்டுபிடிப்பது சுலபம்.

கூடாரப் பண்டிகைக்குப் பள்ளிப் பின்புறம் கொட்டகை போட்டிருந்ததை மகள் படம் அனுப்பினாள். கூரை கிளையால் வேய்ந்திருக்கவேண்டும், இடைவெளியில் நட்சத்திரம் தெரியவேண்டும். எங்கள் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு "கீத்துப் போட்டவன் அரைகுறையா விட்டுட்டுப் போயிட்டான் போல" என்றார்.

ஊருக்கு வந்த பிறகும் எனக்குத் தொடர்பு விடவில்லை. பெரியவர்களுக்கு ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆன்லைனில் வகுப்பு, இலவசம், நமக்கு இரவு ஏழரை, நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் எட்டரை ஆகிவிட்டது. சத்தம் மோசம், மைக்கைத் தூரத்தில் வைத்துவிட்டு வாசிப்பவர் இருமும்போது மட்டும் நன்றாகக் கேட்கிறது, இதையும் குறையில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கொச்சி யூதர்களைப் பற்றி எடுத்தார்கள். மட்டாஞ்சேரி ஜெப ஆலயம் 1568-இல் கட்டியது, மணிக்கூண்டு 1760, தரையில் சீனாவிலிருந்து வந்த நீலப் பூ ஓடுகள், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குச் சேர மன்னர் கொடுத்த செப்பேடு, 1950-களில் பெரும்பாலோர் இஸ்ரேல் போய்விட்டது, இப்போது அங்கே ஜெபத்துக்குப் பத்துப் பேர் சேர்ப்பதே பெரும்பாடு என்பது வரை சொன்னார்கள். நான் கையைத் தூக்கினேன். 1998-இல் டீச்சர்கள் எல்லாம் சேர்ந்து வேனில் போயிருக்கிறோம், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும், அந்த ஓடு காலுக்குச் சில்லென்று இருக்கும் என்றேன். மற்ற ஊர் ஜெப ஆலயங்களில் பெரும்பாலும் செருப்பைக் கழற்றும் வழக்கம் இல்லை, அதனால் அத்தனை பேரும் வாயைப் பிளந்தார்கள். போகவேண்டும் என்கிறவர்களுக்கு: பெங்களூர் எர்ணாகுளம் இன்டர்சிட்டி நம்ம தருமபுரி வழியாகத்தான் போகிறது, வெள்ளி, சனிக்கிழமைகளில் மட்டும் போய் நிற்காதீர்கள், மூடியிருக்கும்.

மதம் மாற்றுவார்களா என்ற கேள்விக்கு வருகிறேன். மாற்ற மாட்டார்கள். நாமாகப் போய்ச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றால்கூட ரபி மூன்று தடவை திருப்பி அனுப்பவேண்டும் என்பது அவர்கள் பழைய வழக்கம், அப்புறம் மாதக்கணக்கில் படிப்பு. பேத்தி வெள்ளிக்கிழமை ரொட்டிப் பாட்டும் பாடுகிறாள், கோட்டை கோயில் பிரசாதம் பார்சலில் வந்ததா என்றும் கேட்கிறாள்.

இதையெல்லாம் எழுதி முடித்து மூன்றாம் வீட்டுக்காரம்மாவிடம் படித்துக் காட்டினேன், அவர் மகன் வீட்டுப் பிள்ளைக்கும் மூன்று வயசாகிறது. முழுசாகக் கேட்டுவிட்டு, "சரி டீச்சர், டப்பாவுல முட்டை வைக்கலாமா?" என்றார். வைக்கலாம். முட்டை அவர்களுக்கு இறைச்சியிலும் சேராது, பாலிலும் சேராது. உடைக்கும்போது உள்ளே ரத்தப் புள்ளி இருந்தால் மட்டும் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.